மலச்சிக்கலும் தவிட்டின் மதிப்பும்

உழவு மாடொன்று அசைபோடுவதை நிறுத்தி, சாணமிடாமல் ஒரு பகல் முழுவதும் நின்றால் அதன் சொந்தக்காரர் சும்மா இருப்பதில்லை. பச்சைத் தீவனமின்றிக் காய்ந்த வைக்கோலே போட்டதனாலோ, தண்ணீர் குறைவாய்க் காட்டியதனாலோ வயிறு கட்டிக்கொண்டது என்று அவர் உடனே ஊகித்துக்கொள்ளுகிறார். பசும்புல் அறுத்து வர ஆள் போகிறது. தவிடு கரைத்த தண்ணீர் தொட்டியில் ஊற்றப்படுகிறது. அதற்கும் இளகாவிடில் கால்நடை வைத்தியர் வரவழைக்கப்படுகிறார். அதே மனிதருக்கு மூன்று நாளாய் வயிறு கட்டியிருந்தால் அதை அவர் ஒருவரிடமும் சொல்லுவதில்லை. கடையில் பேதி மாத்திரை வாங்கி விழுங்குகிறார். மறுவாரம் மறுபடியும் வாங்குகிறார். மாட்டுக்குத் தெரிந்த நியாயம் மனிதனுக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறது என்பது யோசிக்கத்தக்கது.

தினம் ஒரு தடவை மலங்கழியாவிட்டால் அதுவே வியாதி என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தவறான அச்சம். வாரத்தில் மூன்று தடவைக்குக் குறைவாகப் போவதும், மலம் கட்டியாய் இறுகி முக்கி முனகிப் போவதும், போன பின்னும் மிச்சமிருப்பதாகத் தோன்றுவதுமே மலச்சிக்கலின் குறிகள். இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. ஆகாரத்தின் சக்கை பெருங்குடலில் தங்கியிருக்கும் நேரமெல்லாம் குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். சக்கை கொஞ்சமாயிருந்தால் குடல் மந்தமாய் நகர்த்துகிறது. நகர்வது தாமதிக்கத் தாமதிக்க மலம் காய்ந்து இறுகுகிறது. தானியத்தின் தோலிலும் கீரையிலும் காயிலும் உள்ள நார்ப்பொருள் பெரும்பாலும் ஜீரணமாகாமலே பெருங்குடலுக்குச் சென்று, நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மலத்தைப் பருமனாகவும் மிருதுவாகவும் செய்கிறது. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ப்பொருள் வேண்டும் என்பது ஆகார சாஸ்திரிகளின் அபிப்பிராயம்.

இனி, கிராமத்துச் சாப்பாட்டைப் பார்க்கலாம். ஆலையில் அரைத்த நெல்லில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கு உமியாகக் கழிகிறது, அதனால் நஷ்டமில்லை. அதற்குமேல் அரிசியைத் தீட்டும்போது எட்டுப் பங்கு வரையில் தவிடாய்ப் பிரிகிறது. நார்ப்பொருளில் நல்ல பகுதியும், உயிர்ச்சத்துக்களும், முளைப்பகுதியும் அதனோடு போய்விடுகின்றன. தீட்டிய வெள்ளையரிசி 100 கிராமில் நார்ப்பொருள் 3 கிராமுக்கும் குறைவு. தவிடு நீங்காத அரிசியில் 4 கிராமுக்கு மேல். கேழ்வரகிலும் கம்பிலும் ஏறத்தாழ 11 கிராம். தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு வெள்ளைச் சோற்றைத் தான் உண்ணும் குடியானவன் வீட்டில் மாட்டின் வயிறு இளகியிருப்பதும், எஜமானன் வயிறு கட்டியிருப்பதும் ஆச்சரியமல்ல.

தீட்டிய அரிசியின் குற்றம் புதிதாய்க் கண்டுபிடிக்கப்பட்டதன்று. ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர் 1890-ஆம் வருஷங்களில் கோழிகளுக்கு வெள்ளைச் சோறு மட்டும் போட்டபோது அவற்றுக்குக் கால் முடங்கியதையும், தவிட்டோடு கூடிய அரிசியால் அவை தேறியதையும் கண்டார். 1929-இல் அவருக்கு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. குன்னூரில் மக்காரிஸன் என்பவரும் இந்தியரின் ஆகார வகைகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, தீட்டிய அரிசியையே பிரதானமாய்க் கொண்ட ஆகாரத்தின் குறைவை எடுத்துக் காட்டினார். அவர் நடத்திய ஆராய்ச்சிசாலையே 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசீய போஷணை ஸ்தாபனமாய் விளங்குகிறது. புழுங்கலரிசி உண்போர் தங்களுக்கு இந்தக் குறை இல்லையென்று சொல்லுவதுண்டு. அது பாதி உண்மை. நெல்லைப் புழுக்கும்போது உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. ஆனால் நார்ப்பொருள் அப்படி இறங்குவதில்லை, தீட்டினால் தவிட்டோடேயே போய்விடுகிறது.

சந்தைக்குப் போகும் நெல்லை வெள்ளையாய்த் தீட்டாவிடில் விலை கிடைக்காது என்பது மெய். வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் நெல்லுக்கும் அந்த நிபந்தனை எதற்கு? நிலமுள்ளவர் தம் வீட்டு நெல்லைத் தனியே கொண்டுபோய், உமியை மட்டும் நீக்கி, தீட்டாமலோ ஒரேமுறை லேசாய்த் தீட்டியோ தரும்படி ஆலைக்காரரிடம் கண்டிப்பாய்ச் சொல்லலாம். இவ்வரிசி வேக அதிக நேரம் பிடிக்கும். இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் அந்தக் கஷ்டம் குறையும். தவிட்டிலுள்ள எண்ணெய் சிக்குவாடை கொள்ளுமாதலால் வருஷத்துக்கு வேண்டியதை ஒருமிக்க அரைக்காமல், நெல்லாகவே வைத்திருந்து மாதத்துக்கு ஒரு தடவை அரைத்துக்கொள்ளுவது நலம். நெல்லைத் தானே விளைவிக்கிறவனுக்கு இருக்கும் இந்தச் சௌகரியம் பட்டணத்தானுக்கு இல்லை.

சிறுதானியங்களைப்பற்றி 2023-ஆம் வருஷம் உலக முழுவதும் பேசப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை அவ்வருஷத்தைச் சிறுதானிய வருஷமாகவே கொண்டாடியது. மானாவாரி நிலத்தில் கம்பும் சாமையும் விளைந்த குடும்பங்களில், கிணறு வெட்டி நெல் வந்த பிறகு, கூழ் குடிப்பது கௌரவக் குறைவாய்விட்டது. கௌரவத்துக்காக வயிற்றைக் கட்டிக்கொள்ளுவது நல்ல பேரமன்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை. கேழ்வரகு மாவை மெல்லிய சல்லடையில் சலித்துத் தோலை எறிந்துவிட்டால் பலனில் பாதி சல்லடையிலேயே நின்றுவிடும். தண்ணீர் போதிய அளவு குடியாமல் நாருள்ள ஆகாரத்தை மட்டும் திடீரென அதிகப்படுத்தினால் வயிறு உப்பி, சிக்கல் முன்னிலும் அதிகமாகும். இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாய்க் கூட்டிவருவதே முறை.

கீரைக்குக் காசு கொடுக்கும் மிராசுதாரைக் காண்பது வருந்தத்தக்கது. கிணற்றுமேட்டில் ஒரு முருங்கையும், கழிநீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் இரண்டு வாழையும், கொல்லையில் ஒரு கொய்யாவும் வைக்க இடமில்லாத பண்ணை ஏது? வாழை நன்றாய்ப் பழுத்திருக்க வேண்டும். காயான வாழை சிலருக்கு மலத்தைக் கட்டும். உலர்ந்த திராட்சையை இரவில் ஊறவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரோடு உண்பது குழந்தைகளுக்கும் ஏற்றது. காலை ஆகாரத்துக்குப்பின் குடல் தானாகவே அசைகிற இயல்புடையது; அந்த நேரத்தில் வரும் உணர்ச்சியை அடக்காமல், தினம் அதே வேளையில் போய் உட்காரும் பழக்கத்துக்கு ஈடான மருந்து இல்லை.

வீட்டு மருந்துகளில் விளக்கெண்ணெய் முதலிடம் பெறுகிறது. அது ஆகாரமன்று, குடலைக் கிளறிவிடும் மருந்து; என்றோ ஒருநாள் வைத்தியர் சொற்படி கொள்ளத்தக்கது. கர்ப்ப ஸ்திரீகளுக்கு அது ஆகவே ஆகாது. கைக்குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, மூக்கைப் பிடித்து, வாரந்தோறும் விளக்கெண்ணெய் புகட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. திமிறி அழும் குழந்தைக்கு எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். பெரியவர்களிடம் எவ்வளவு மரியாதை இருந்தாலும் இந்த ஒரு காரியத்தில் அவர்களைத் தடுத்தே ஆகவேண்டும். திருநெல்வேலிச் சீமையில் பயிராகி வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகும் நிலாவாரை இலை இரவில் கொண்டால் காலையில் பேதியாகும். அதையும் நித்திய வழக்கமாக்கிக்கொள்ளலாகாது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகுவதுண்டு; அதற்காக மாத்திரையை எறிந்துவிடாமல், கீரையும் தண்ணீரும் கூட்டிக்கொண்டு செவிலியரிடம் சொல்லவேண்டும். மலத்தில் ரத்தம் காணுதல், தேகம் மெலிதல், வயிறு வீங்கி வாந்தியெடுத்தல், நடுவயதுக்குமேல் நெடுநாள் வழக்கம் திடீரென மாறுதல் ஆகியவை வீட்டு மருந்துக்கு உரியவையல்ல. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவை.

இவ்வளவும் செய்தாலும் ஒரு கூட்டத்தாருக்கு மலச்சிக்கல் தீராது. நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் ஸ்திரீகளே அவர்கள். 2014-இல் ஆரம்பித்த தூய்மை இயக்கத்தில் வீடுகளுக்குக் கக்கூஸ்கள் கட்டப்பட்டன. வயலில் யார் கட்டினார்கள்? காலை முதல் பிற்பகல் வரையில் மறைவிடமில்லாத வெட்டவெளியில் வேலை செய்யும் பெண், ஒதுங்க நேருமே என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளுகிறாள். வந்த உணர்ச்சியையும் அடக்குகிறாள். வெயிலில் வியர்வையாய்ப் போனது போக மிஞ்சிய நீரைக் குடல் இழுத்துக்கொள்ளுகிறது. அவளிடம் போய் நார்ப்பொருளைப்பற்றிப் பிரசங்கம் செய்வது நியாயமன்று. வயலுக்குச் சொந்தக்காரர் மோட்டார் கொட்டகையைக் கட்டும்போதே அதன் பக்கத்தில் நான்கு சுவரும் ஒரு கதவும் எழுப்புவது பெருஞ்செலவாகாது. செலவைப்பற்றிப் பேசுவோர், நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றும் முறையிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கிணற்றுக்கு 15 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி, மழைநீர் தேங்காத மேட்டில், இரட்டைக் குழி முறையில் அதைக் கட்டலாம். ஒரு குழி நிறைந்ததும் அதை மூடி மற்றதைத் திருப்பிவிட்டு, இரண்டு வருஷம் தொடாமல் வைத்தால் உள்ளிருப்பது வாடையற்ற மண்போன்ற எருவாய்விடும். தென்னைக்கும் வாழைக்கும் இடலாம். சிறு நிலக்காரர்கள் தனித்தனியே கட்ட இயலாத இடங்களில் களத்துமேட்டுப் புறம்போக்கில் பொதுவாய் ஒன்று அமைக்கக் கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். கட்டுவதற்குமுன், எந்த இடத்தில் கட்டினால் வந்து உபயோகிப்பார்கள் என்று நடவுப் பெண்களையே கேட்டுக்கொள்ளுவது உசிதம்.