மறுபடியும் ட்ரம்பெட்.. எதை வாசிப்பது?

ஏலாக்குறிச்சிக்காரனுக்கு பேண்டு சத்தம் புதிதில்லை. அடைக்கல மாதா தேருக்கு முன்னால் ட்ரம்பெட் ஊதிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன், பத்தாவது படிக்கும் வரை. அப்புறம் ப்ளஸ் டூ, டியூஷன், ஹாஸ்டல் என்று ஆறு வருஷம் பெட்டி பரண் மேலேயே கிடந்தது. போன லீவில் இறக்கினேன். மூன்று வால்வில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டதும் சரியாகிவிட்டது. உதட்டுக்குத்தான் அப்படி ஒரு எண்ணெய் கிடையாது! ஐந்தே நிமிடத்தில் வெறும் காற்றுதான் வந்தது.

சரி, தினமும் பழகலாம் என்றால், எதை வாசித்துப் பழகுவது?

எல்லோரும் சொல்வது ஆர்பன் புத்தகம். 1864ல் பாரிஸில் வந்த கார்னெட் பாடநூல். காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நல்ல புத்தகம்தான். ஆனால் மாடியில் ஒரு வாரம் அதையே வாசித்தால் பக்கத்து வீட்டு அத்தை, "என்ன தம்பி, பாட்டு இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்கிறார்.

அடுத்து சினிமாப் பாட்டு. இதில்தான் என்னைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறோம். மனசு ஏறும் உயரத்துக்கு உதடு ஏறாது. மவுத்பீஸை அழுத்திப் பிடித்து மேல் ஸ்தாயியைத் தொட்டுவிடலாம், மறுநாள் உதடு வீங்கிவிடும். திரும்பி வருகிறவனுக்கு வேண்டியது கீழே நீளமான ஸ்வரங்கள், வாசித்த நேரத்துக்குச் சமமாக ஓய்வு, அதோடு மனசுக்குப் பிடித்த ஒரு சின்ன மெட்டு.

அப்படி ஒரு மெட்டு நம்மிடமே இருக்கிறது என்பதுதான் என் கட்சி. நொட்டுஸ்வரம்! முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) சென்னை கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். பேண்டிலிருந்து வந்ததைப் பேண்டுக்காரன் வாசிக்க என்ன தயக்கம்? எல்லாம் சங்கராபரணம், அதாவது மேஜர் ஸ்கேல். கமகம் கிடையாது. 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. முழுப் பாட்டும் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். பழகாத உதட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? சுப்பராம தீட்சிதரும் நொட்டுஸ்வரங்களை 1905ல் ஆரம்பப் பயிற்சிப் புத்தகத்தில்தான் சேர்த்தார்.

இவை நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், யாரோ எழுதி வைத்ததுதான். எங்கள் பேண்டு மெட்டுகளை யார் எழுதினார்கள்? கோவில் பாட்டுப் புத்தகத்தில் வரிகள் மட்டும் இருக்கும். மெட்டு மாஸ்டரின் காதில். அவர் ஊதுவார், நாங்கள் பார்த்து ஊதுவோம். இந்த லீவில் அவரைப் பார்க்கப் போனேன். முன்பற்கள் விழுந்துவிட்டன, பல் இல்லாமல் மவுத்பீஸ் நிற்காது. தேர் நிலைக்குத் திரும்பும்போது வாசிக்கும் மெட்டைக் கேட்டேன். வாயால் பாடிக் காட்டினார். நடுவில் ஒரு அடி மறந்துவிட்டது. "உனக்கு ஞாபகம் இருக்காப்பா?" என்றார். எனக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்து, நினைவிருந்த அடிகளை எழுதினேன். அன்று என் பயிற்சி அதுதான். ஒரு அடி எழுது, வாசி, ஓய்வெடு, தப்பைத் திருத்து. நேரம் போனதே தெரியவில்லை, உதடும் வலிக்கவில்லை.

எங்கள் ஊரில் வாழ்ந்த வீரமாமுனிவர்தான் எ-ஏ, ஒ-ஓ எழுத்துகளில் குறில் எது, நெடில் எது என்று பார்த்ததுமே தெரியும்படி செய்தவர். எழுத்துக்கு நடந்தது எங்கள் மெட்டுக்கும் நடக்கட்டும். எந்த ஸ்வரம் எவ்வளவு நீளம் என்று எழுதினால் போதும், ஸரிகம ஆனாலும் சரி, ஸ்டாஃப் நொட்டேஷன் ஆனாலும் சரி.

பரணில் பெட்டி வைத்திருக்கும் நண்பர்களே, இறக்குங்கள். கையோடு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் மாஸ்டரைப் போய்ப் பாருங்கள். அந்த விட்டுப்போன அடி உங்களில் யாருக்காவது ஞாபகம் இருந்தால், எனக்கும் சொல்லுங்கள்.