டாக்டர்கள் ஸ்ட்ரைக்: மற்ற தொழிற்சங்கங்கள் ஆதரவா வேலையை நிறுத்த முடியுமா? இங்கிலாந்தில் நடப்பது என்ன?

இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் 2023 மார்ச்சில் தொடங்கிய டாக்டர்கள் வேலைநிறுத்தம் பல சுற்றுகளைப் பார்த்துவிட்டது. 2025-ல் மட்டும் ஜூலை, நவம்பர், டிசம்பர் என மூன்று முறை டாக்டர்கள் வெளியே வந்தார்கள். மருத்துவமனை வாசல்களில் ஆசிரியர், ரயில், தீயணைப்பு ஊழியர் சங்கங்களின் கொடிகளையும் பார்க்க முடிந்தது.

கொடி பிடிக்கலாம், கோஷம் போடலாம். ஆனா டாக்டர்களுக்காக ரயில் ஓட்டுநர் ஒரு மணி நேரம் ரயிலை நிறுத்தினால்? அது சட்டவிரோதம். ஏன் இப்படி? அப்புறம் எப்படித்தான் ஆதரவு தர்றாங்க? பார்க்கலாம்.

டாக்டர்களின் கோரிக்கை என்ன?

போராடுவது 'ரெசிடென்ட் டாக்டர்கள்'. 2024 செப்டம்பர் வரை இவர்களுக்கு 'ஜூனியர் டாக்டர்' என்று பெயர். ஜூனியர் என்றதும் இப்போதுதான் படிப்பை முடித்தவர்கள் என நினைக்க வேண்டாம். பத்து வருட அனுபவம் உள்ளவர்களும் இதில் இருக்கிறார்கள். என்.ஹெச்.எஸ். எனும் தேசிய சுகாதார சேவையின் டாக்டர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் இவர்கள்தான்.

2008-க்குப் பிறகு விலைவாசி ஏறிய அளவுக்குச் சம்பளம் ஏறவில்லை, நிஜ மதிப்பில் 26% குறைந்துவிட்டது என்பது பிரிட்டிஷ் மருத்துவ சங்கத்தின் (பி.எம்.ஏ.) வாதம். அதைச் சரிக்கட்ட 35% உயர்வு கேட்டார்கள். மொத்தம் 44 நாள் ஸ்ட்ரைக்குக்குப் பிறகு, 2024 செப்டம்பரில் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து சராசரியாக 22.3% உயர்வை ஏற்றார்கள். அடுத்த ஆண்டு சராசரியாக 5.4% மட்டுமே கிடைத்ததும் பிரச்னை மறுபடி வெடித்தது.

1982-ல் நடந்தது

ஒரு காலத்தில் நிலைமை வேறு. 1982-ல் நர்ஸுகளும் மருத்துவமனை ஊழியர்களும் 12% சம்பள உயர்வு கேட்டுப் போராடினார்கள். அவர்களுக்கு ஆதரவாக லண்டன் ஃப்ளீட் ஸ்ட்ரீட் பத்திரிகை அச்சகங்களின் எலக்ட்ரீஷியன்கள் ஒரு நாள் வேலையை நிறுத்தினார்கள். தேசிய நாளிதழ்கள் முடங்கின. நீதிமன்ற உத்தரவை மீறியதற்காக அந்தத் தொழிலாளர்களின் தலைவருக்கு அபராதம் விழுந்தது. பல இடங்களில் சுரங்கத் தொழிலாளர்களும் களத்தில் இறங்கினார்கள்.

இப்படி இன்னொருவரின் கோரிக்கைக்காக வேலையை நிறுத்துவதை 'ஆதரவு வேலைநிறுத்தம்' என்பார்கள். மார்கரெட் தாட்சர் அரசு 1980-ல் இதற்குக் கட்டுப்பாடு போட்டது. 1990-ல் முழுசாகவே கதவை மூடியது. மீறினால் சங்கத்தின் மீது நிறுவனம் நஷ்டஈடு வழக்குப் போடலாம்.

ரயில் ஊழியர் சங்கமான ஆர்.எம்.டி. இதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. சங்க உரிமைக்குள் ஆதரவு வேலைநிறுத்தமும் அடங்கும் என நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனா பிரிட்டனின் தடை அந்த உரிமையை மீறவில்லை என்று 2014-ல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வந்த எந்த அரசும் இந்தத் தடையை நீக்கவில்லை. தொழிற்சங்கங்கள் கேட்ட பல மாற்றங்களைக் கொண்டுவந்த லேபர் கட்சியின் 2025 வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்திலும் தடை அப்படியே இருக்கிறது.

சரி, அப்போ வழி என்ன?

1. ஒரே நாளில் தனித்தனி ஸ்ட்ரைக்

இன்னொருவருக்காக வேலையை நிறுத்தக் கூடாது. ஆனா உங்க சொந்தக் கோரிக்கைக்கு, அவங்க நிறுத்துற அதே நாளில் நிறுத்தலாம்! 2023 மார்ச் 15 இதற்குச் சரியான உதாரணம். அன்று பட்ஜெட் நாள். டாக்டர்கள், இங்கிலாந்து ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் எல்லாரும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாக வாக்கெடுப்பு நடத்தியிருந்தது. கோரிக்கையும் தனித்தனி, நாள் மட்டும் ஒன்று.

2. நீதிமன்றம்

ஸ்ட்ரைக் நடக்கும் இடத்துக்கு ஏஜென்சி மூலம் மாற்று ஆட்களை அனுப்பக் கூடாது என்ற விதி பிரிட்டனில் உண்டு. 2022 ஜூலையில் அரசு அந்த விதியை நீக்கியது. ரயில், ஆசிரியர், கடை ஊழியர் சங்கங்கள் என டாக்டர்களுக்குச் சம்பந்தமே இல்லாத பல சங்கங்கள் சேர்ந்து வழக்குப் போட்டன. 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் அரசின் முடிவை ரத்து செய்தது. பழைய விதி திரும்ப வந்தது, அதன் பலன் டாக்டர்கள் போராட்டத்துக்கும் கிடைத்தது.

இத்தனைக்கும், பிரிட்டன் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான டி.யு.சி.யில் பி.எம்.ஏ. உறுப்பினரே கிடையாது.

3. உள்ளே வேலை பார்ப்பதும் ஆதரவுதான்

தொழிற்சாலையில் ஸ்ட்ரைக் நேரத்தில் உள்ளே போய் வேலை செய்பவரை மற்றவர்கள் துரோகி என்பார்கள். மருத்துவமனையில் கதையே வேறு. ரெசிடென்ட் டாக்டர்கள் வெளியே நிற்கும்போது சீனியர் நிபுணர்கள் அவசர சிகிச்சையையும் வார்டுகளையும் பார்த்துக்கொள்கிறார்கள், கூடுதல் ஊதியத்துக்குத்தான். அவர்கள் உள்ளே இருப்பதால்தான் மற்றவர்கள் நோயாளிகளைக் கைவிடாமல் வெளியே வர முடிகிறது. 2023 அக்டோபரில் இரண்டு தரப்பும் சேர்ந்து ஸ்ட்ரைக் செய்தபோது, கிறிஸ்துமஸ் விடுமுறை நாளில் இருப்பது போல அவசரப் பிரிவுக்கு மட்டும் ஆட்கள் இருந்தார்கள்.

விரிசல் எங்கே?

சிக்கல் மருத்துவமனைக்கு உள்ளேயே இருக்கிறது. நர்ஸ், துப்புரவுப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஊழியர் சம்பளம் ஒரு பட்டியல். டாக்டர்கள் சம்பளம் தனிப் பட்டியல். இரண்டுக்கும் பரிந்துரை செய்யும் குழுக்களும் வேறு வேறு.

2025-ல் நர்ஸுகளுக்குக் கிடைத்தது 3.6%. ரெசிடென்ட் டாக்டர்களுக்கு சராசரியாக 5.4%. நர்ஸுகள் சங்கம் கருத்துக் கேட்டபோது, வாக்களித்தவர்களில் 91% பேர் அந்த உயர்வை நிராகரித்தார்கள். "எங்களைவிட அதிகம் வாங்குறவங்களுக்கு, எங்களைவிட அதிக உயர்வா?" என்ற கேள்வி நியாயமானதுதான். இதற்குச் சங்கங்கள் தரும் பதில், ஒரு பிரிவு ஜெயித்தால் அதைக் காட்டி அடுத்த பிரிவும் கேட்கலாம் என்பது. ஆனா அரசிடம் இருப்பது ஒரே பட்ஜெட். டாக்டர்களுக்குப் போகும் பணம் தங்கள் பங்கிலிருந்து போகிறது என நர்ஸுகள் நினைக்க ஆரம்பித்தால், வாசலில் எத்தனை கொடி பறந்தாலும் பிரயோஜனம் இல்லை.

நோயாளிகள் நிலை?

2022 டிசம்பரில் தொடங்கிய பல்வேறு ஸ்ட்ரைக்குகளால் 10 லட்சத்துக்கும் அதிகமான அப்பாயின்ட்மென்ட்கள் தள்ளிப்போயின. அறுவை சிகிச்சை தள்ளிப்போனவருக்கு அது வெறும் எண் இல்லை, இன்னும் சில மாதம் வலியோடு காத்திருப்பது. அரசு கையில் எடுக்கும் முக்கிய வாதமும் இதுதான். காத்திருப்புப் பட்டியல் ஸ்ட்ரைக்குக்கு முன்பே நீண்டுவிட்டது, டாக்டர்கள் வேறு நாடுகளுக்குப் போய்விட்டால் அது இன்னும் நீளும் என்பது சங்கத்தின் பதில்.

இந்திய டாக்டர்களுக்கு என்ன?

என்.ஹெச்.எஸ்.ஸில் இந்தியாவில் படித்த டாக்டர்கள் ஏராளம். ஸ்ட்ரைக் செய்தால் விசா போய்விடுமா என்ற பயம் பலருக்கு உண்டு. திறன்மிகு பணியாளர் விசாவில் இருப்பவர் ஆண்டுக்கு 4 வாரத்துக்கு மேல் சம்பளமில்லாமல் இருந்தால் சிக்கல் வரலாம். ஆனா சட்டப்படி நடக்கும் வேலைநிறுத்தத்துக்கு அந்த விதியில் விலக்கு இருக்கிறது. அன்றைய சம்பளம் மட்டும் கிடைக்காது.

அடுத்து எதைக் கவனிக்கணும்?

ஆதரவு வேலைநிறுத்தத்துக்கான தடை இப்போதைக்கு நீங்கப் போவதில்லை. அதனால் வாசலில் எத்தனை சங்கங்கள் வந்து நிற்கின்றன என்பதைவிட, நர்ஸுகள் சங்கம் தன் சொந்தக் கோரிக்கைக்கு வாக்கெடுப்பு நடத்துகிறதா, அதில் பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்களா என்பதே முக்கியம். 50% பேர் வாக்களிக்காவிட்டால் ஸ்ட்ரைக் செல்லாது என்ற விதியைக் கொண்டுவந்தது 2016 சட்டம். டாக்டர்களும் நர்ஸுகளும் ஒரே நாளைத் தேர்ந்தெடுத்தால் அரசுக்கு நெருக்கடி பல மடங்கு ஆகும். இல்லையென்றால் டாக்டர்கள் தனியாகத்தான் போராட வேண்டியிருக்கும்.