கிளிப்பைத் திறந்து மூடும் கை

முன்சிறுகுடலின் பின்சுவரில் வருகிற புண் பொல்லாதது. அதை ஒட்டியே பெரிய ரத்தக்குழாய் ஒன்று ஓடுகிறது. புண் அதை அரித்துவிட்டால் நோயாளிக்கு அதிக நேரம் இல்லை. எண்டோஸ்கோப்பியின் கேமரா நேராகப் பார்க்கும். இந்தப் புண்ணோ வளைவைத் தாண்டிப் பக்கவாட்டில் ஒளிந்திருக்கும்.

நான் விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றுக்காரி. மதுரையில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பி அறையில் நர்ஸ். ரத்தம் கசியும் இடத்தைக் கவ்வி நிறுத்தும் சின்னஞ்சிறு உலோகக் கிளிப்பை ஜப்பானில் 1975இல் கொண்டுவந்தார்கள். எண்டோஸ்கோப்பிக் குழாயைப் பிடித்து இடத்தைக் காட்டுபவர் டாக்டர். கிளிப்பின் கைப்பிடி இருப்பது எங்கள் கையில். "ஓபன்" என்றால் விரிக்க வேண்டும், "கொஞ்சம் திருப்புங்க" என்றால் திருப்ப வேண்டும், "க்ளோஸ்" என்றதும் இறுக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் கிளிப் வெறும் சளியைக் கவ்விக்கொண்டு நிற்கும்.

எட்டாத இடத்துக்கும் வழிகள் உண்டு. குழாயின் முனையில் கண்ணாடி போன்ற தொப்பி மாட்டி மடிப்பை ஒதுக்கலாம். பக்கவாட்டில் பார்க்கும் குழாயை எடுக்கலாம். பெரிய புண்ணென்றால் குழாயின் தலையிலேயே மாட்டிய பெரிய கிளிப்புக்குள் சதையை உறிஞ்சி, ஒரே பிடியாகக் கவ்வ வைக்கலாம். ஒட்டிப் படர்ந்த கட்டியை அறுத்தெடுக்கும்போது, கிளிப்பில் நூல் கட்டி ஓரத்தில் மாட்டி இழுத்தால் அடிப்பக்கம் தெரியும். ஒவ்வொன்றிலும் இரண்டாவதாக ஒரு பழகிய கை வேண்டும்.

எங்கள் பக்கம் இது ஏன் முக்கியம்? பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். சாயங்காலம் மெடிக்கலில் நின்று, "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்கிறார்கள். அந்த செட்டில் வலி மாத்திரை இருக்கும், சிலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கும். வெறும் வயிற்றில் டீயோடு விழுங்கினால் குடல் எத்தனை நாள் தாங்கும்? உள்ளே ரத்தம் கசிந்து மலம் தார் போலக் கறுத்துப் போனாலும் சூடு என்று சொல்லி மோர் குடிக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும். ஆனால் தலைசுற்றலும் சேர்ந்தால் 108ஐக் கூப்பிடுங்கள், தாயி. விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபோது எங்கள் தெருவே மகிழ்ந்தது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பும் இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ரத்த வாந்தி எடுப்பவரைக் காப்பாற்றுவது அலமாரியில் இருக்கும் கிளிப்பும் அதை இயக்கத் தெரிந்த ஆளும்தான். ஒரு கிளிப் சில ஆயிரம் ரூபாய், ஒருமுறைதான் பயன்படும். மாவட்டத் தலைமையிடத்து மருத்துவமனை ஒவ்வொன்றிலும் அது எந்நேரமும் இலவசமாகக் கையிருப்பில் இருக்க வேண்டும்.

ஆளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. டாக்டருக்குப் பயிற்சி முகாம் நடக்கிறது. நர்சை மட்டும், கை படிந்த நேரம் பார்த்து வேறு வார்டுக்கு மாற்றினால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எண்டோஸ்கோப்பி நர்சுக்கென்று முறையான பயிற்சி கொடுங்கள். பயிற்சி பெற்றவரைச் சில ஆண்டுகளாவது அதே அறையில் வையுங்கள். இரவுப் பணிப் பட்டியலில் டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் வரட்டும்.