இல்லமும் தொழிலும்: முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள்



சென்னை – திருவள்ளூர் இருப்புப்பாதையில் ஆவடியைக் கடந்தால் பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று வரிசையாக நிலையங்கள் வருகின்றன. காலை நேரத்தில் இவ்வூர்களிலிருந்து பலர் மின்ரயிலேறி அம்பத்தூருக்கும் சென்னைக்கும் வேலைக்குச் செல்கின்றனர். வீட்டில் இருப்போரிலும் பலர் சும்மா இருப்பதில்லை. ஒரு வீட்டில் தையல் இயந்திரம் ஓடுகிறது. ஒரு வீட்டில் ஊறுகாய். மற்றொரு வீட்டில் மசாலைப் பொடி. வேறொரு வீட்டில் பிறந்தநாள் கேக் செய்து தருகிறார்கள்.

இத்தகைய இல்லங்களுக்கு யாரேனும் ஒருவர் வந்து, "என்னென்ன செய்து தருவீர்கள்? என்ன விலை?" என்று கேட்கிறார். விடை எவரிடமும் ஆயத்தமாக இல்லை. வந்தவர் உறவினரானால் ஒரு விலை. அண்டை வீட்டாரானால் ஒரு விலை. முன்பின் அறியாதவரானால் மற்றொரு விலை. விலையைச் சொல்ல வாய் கூசி, "பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிடும் சகோதரிகளும் உண்டு. உழைப்பு முழுவதும் வீட்டினருடையது. விலையை முடிவு செய்பவரோ வந்தவர்!

இந்நிலை மாற வேண்டுமானால் பெரிய முதலீடு எதுவும் வேண்டியதில்லை. ஒரு பொருட்பட்டியல் எழுதினால் போதும். கடைத்தெருவில் இதனைக் கேட்லாக் என்கிறார்கள். அது பெரிய நிறுவனங்களுக்கே உரியது, பளபளப்பான தாளில் வண்ணப் படங்களுடன் அச்சிட வேண்டியது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதன் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

ஒற்றைத் தாளில் தொடங்கிய வணிகம்

வெனிஸ் நகரத்து அச்சகத்தார் ஆல்டஸ் மனூஷியஸ் என்பவர், தாம் அச்சிட்ட கிரேக்க நூல்களின் பெயர்களையும் விலைகளையும் 1498-ஆம் ஆண்டிலேயே ஒரு பட்டியலாக வெளியிட்டார். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 1872-இல், சிகாகோ நகரத்து ஆரன் மாண்ட்கோமரி வார்டு ஒரே ஒரு தாளில் பொருள்களையும் விலைகளையும் அச்சிட்டு, தொலைதூரத்து உழவர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். உள்ளூர்க் கடைக்காரர் சொன்னதே விலை என்றிருந்த அவ்வுழவர்கள், முதன்முறையாக விலையை எழுத்தில் கண்டனர். 1875-இல், பொருள் மனநிறைவு அளிக்காவிடில் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் வார்டு உறுதியளித்தார்.

வாங்கியவர் விற்றவரின் முகத்தைப் பார்த்ததில்லை. விற்றவர் வாங்கியவரின் ஊரைப் பார்த்ததில்லை. இருவரையும் இணைத்தது அந்தத் தாளில் எழுதியிருந்த சொற்கள்தாம். பெரிய கேட்லாக்குகளின் காலம் பின்னர் முடிந்துவிட்டது. வார்டு நிறுவனம் 1985-இலும், அதன் போட்டியாளரான சியர்ஸ் நிறுவனம் 1993-இலும் தத்தம் பட்டியல்களை நிறுத்தின. ஸ்வீடன் நாட்டு ஐகியா நிறுவனமும், 1951-இல் தொடங்கிய தன் அச்சுப் பட்டியலைக் கைவிடுவதாக 2020 டிசம்பரில் அறிவித்தது.

தாள் போயிற்று, பட்டியல் போகவில்லை. அது கைப்பேசிக்குள் குடிபுகுந்திருக்கிறது. சிறு வணிகர்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-இல் வந்தது. அதில் பொருட்பட்டியல் அமைக்கும் வசதி 2019 நவம்பரில் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் சேர்க்கப்பட்டது. வேப்பம்பட்டில் தைக்கும் ஓர் ஆடையை இன்று துபாயில் இருப்பவரும் பார்த்துக் கேட்க முடிகிறது. அவருக்கும் உங்கள் முகம் தெரியாது. உங்கள் பட்டியலே உங்கள் முகம்.

முதல் வாசகர் நீங்களே

பட்டியலை வாடிக்கையாளருக்காக எழுதுகிறோம். ஆனால் அதனால் முதற்பயன் அடைபவர் எழுதுபவரே. எப்படி என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். தொகைகள் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் தொகைகளை நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சகோதரி வீட்டில் நைட்டி தைக்கிறார். துணி 3 மீட்டர், மீட்டர் 90 ரூபாய் வீதம் 270 ரூபாய். நூல், ஜிப், லேஸ் 25 ரூபாய். மின்சாரமும் இயந்திரத் தேய்மானமும் 10 ரூபாய். உறை 5 ரூபாய். துணி வாங்கச் சென்னைக்குச் சென்றுவந்த செலவில் ஒரு நைட்டிக்குரிய பங்கு 10 ரூபாய். ஆக, கையை விட்டுப்போகும் பணம் 320 ரூபாய். அவர் 350 ரூபாய்க்கு விற்கிறார். துணி போக மிச்சம் 80 ரூபாய் என்று மகிழ்கிறார். உண்மையில் மிஞ்சுவது 30 ரூபாய். வெட்டவும் தைக்கவும் இரண்டரை மணி நேரம் ஆகிறதென்றால், அவருடைய ஒரு மணி நேர உழைப்பின் கூலி 12 ரூபாய்!

மணிக்கு 60 ரூபாய் என்று கூலி வைத்தால் 150 ரூபாயைச் சேர்க்க வேண்டும். அடக்கவிலை 470 ரூபாய் ஆகிறது. ஆனால் வண்ணாரப்பேட்டை மொத்தக் கடைகளில் ஆலையில் தைத்த நைட்டி இதனினும் மிகக் குறைவான விலைக்குக் கிடைக்குமே என்பீர்கள். சரியான கேள்வி. அப்படியானால் நைட்டி உங்கள் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை. ஆலை செய்யாத ஒன்றே இருக்க வேண்டும். கடையில் அளவு கிடைக்காத பருமனானவர்களுக்கு அளவெடுத்துத் தைக்கும் ஆடை, கை நீளமாக வைத்த பள்ளிச் சீருடை, முதியவர்கள் எளிதில் அணியக்கூடிய மக்கனா ஆகியவற்றைத் தேடி வருவோர் ஐந்து பத்து ரூபாய்க்காகத் திரும்பிப் போவதில்லை.

எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம் என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. ஆகவே 40 பொருள்களுடன் தொடங்காதீர்கள். நன்றாகச் செய்யத் தெரிந்தவை, நட்டமில்லாதவை, கேட்டால் தவறாமல் தரக்கூடியவை என்று 12 பொருள்கள் தேறினால் அதுவே நல்ல தொடக்கம்.

ஒவ்வொரு பொருளுக்கும் எழுத வேண்டியவை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கப்பட்டது. அதுபோன்ற பேட்டைகளில் இயந்திர உறுப்புகள் செய்யும் பட்டறைகளின் பட்டியல் எதையேனும் வாங்கிப் பாருங்கள். "மிகச் சிறந்தது", "ஈடு இணையற்றது" என்னும் சொற்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உறுப்பின் எண், பெயர், உலோகம், நீளம், விட்டம் ஆகியவையே வரிசையாக நிற்கும். வாங்குபவர் அளவைப் பார்த்து வாங்குகிறார்; புகழ்ச்சியைப் பார்த்து அல்ல. வீட்டுத் தொழிலுக்கும் இம்முறையே ஏற்றது.

முதலில் எண். ஆடைகளுக்கு 101 முதல், விரிப்புகளுக்கு 201 முதல் என்று வகைக்கு ஒரு நூறாகப் பிரித்துவிட்டால், பின்னாளில் புதிய பொருள் சேர்ந்தாலும் வரிசை குலையாது. "அந்தப் பச்சை நிறம், பூப்போட்டது" என்று தொலைபேசியில் திண்டாட வேண்டியதில்லை. "104-இல் இரண்டு" என்றால் போதும்.

அடுத்தது பெயரும் மூலப்பொருளும். பருத்தியா, பாலியெஸ்டர் கலந்ததா என்பதை எழுதுங்கள். ஊறுகாயானால் எந்த எண்ணெய் என்பதை எழுதுங்கள்.

பின்னர் அளவு. தையற்காரர் வழக்கில் அங்குலமே புழங்குகிறது. ஆனால் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், விலைப்பட்டியலையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதில் மீட்டர், கிலோகிராம் போன்ற நிலையான அளவுகளையே பயன்படுத்த வேண்டும் என்கிறது. ஆகவே பட்டியலில் சென்டிமீட்டரில் எழுதுங்கள். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். "பெரியது, நடுத்தரம், சிறியது" என்று மட்டும் எழுதினால், உங்கள் நடுத்தரமும் அவர்கள் நடுத்தரமும் ஒன்றாக இருப்பதில்லை.

அதன்பின் விலையும் நாளும். எந்தத் தேதி முதல் இந்த விலை என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அனுப்பும் செலவு விலையில் அடங்குமா, தனியா என்பதையும் சொல்லிவிடுங்கள். கடைசியில் கேட்டு அறியும் பத்து ரூபாய், முதலிலேயே அறிந்த ஐம்பது ரூபாயைக் காட்டிலும் மனத்தை வருத்தும்.

இறுதியாகக் கால அளவு. "கேட்ட நாளிலிருந்து 5 நாள்" என்று எழுதினால் 5 நாளில் தர வேண்டும். குழந்தையின் தேர்வு, விருந்தினர் வருகை, மின்தடை எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து 8 நாள் என்று எழுதி, 7-ஆம் நாளில் தருவது மேல். பெருநாளுக்கு முந்திய வாரங்களில் எந்தத் தேதியுடன் ஆர்டர் முடிவடைகிறது என்பதையும் தனியே எழுதிவிடுங்கள்.

உணவுப் பொருள் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து, அந்த 14 இலக்க எண்ணைப் பட்டியலிலும் அச்சிடுவது நன்று. பொட்டலமாக விற்பவை மீது செய்தவர் பெயர், முகவரி, நிகர எடை, செய்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி.

படமும் அடிக்குவியலும்

படம் எடுக்கக் கலைக்கூடம் வேண்டாம். காலை வெளிச்சம் விழும் சன்னலருகே வெள்ளை விரிப்பை விரித்து, கைப்பேசியின் ஃபிளாஷ் விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். எல்லாப் பொருள்களையும் ஒரே இடத்தில், ஒரே தொலைவிலிருந்து எடுத்தால் பட்டியல் சீராக இருக்கும். ஆடைகளை எவரும் அணிந்து நிற்க வேண்டியதில்லை. ஹேங்கரில் மாட்டி எடுத்தாலே போதும். தொழிலுக்கென்று தனியாக ஒரு தொலைபேசி எண்ணை வைத்துக்கொள்வது வீட்டின் அமைதிக்கு நல்லது.

படம் என்பது குவியலின் மேற்புறம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்காடியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சி நம் இல்லங்களில் யாவரும் அறிந்ததே. பட்டியல் எழுதுவோருக்கு இதனினும் தெளிவான வழிகாட்டுதல் இல்லை. முதல் சலவையில் சிறிது சாயம் போகுமா? அதை எழுதுங்கள். கைவேலை ஆதலால் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபடுமா? அதையும் எழுதுங்கள். ஊறுகாய் மூன்று மாதத்திற்கு மேல் நிற்காதா? அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். குறையைச் சொன்னதால் போகும் வாடிக்கையாளர் ஒருவர் என்றால், மறைத்ததால் போகிறவர் தம்முடன் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு போவார். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிக்கும் விளம்பரத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது.

அச்சிடும் முறை

கைப்பேசியில் அனுப்புவதே பெரும்பாலோருக்குப் போதுமானது. வாட்ஸ்அப் பட்டியலில் 500 பொருள்கள் வரை சேர்க்கலாம். எனினும் முதியவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் காண்காட்சிகளில் கொடுப்பதற்கும் தாள் வேண்டும். ஏ4 தாள் ஒன்றை நடுவில் மடித்தால் 4 பக்கங்கள் கிடைக்கும். இரண்டு தாள்களுக்கு 8 பக்கங்கள். நடுவில் தைக்கும் சிறுநூல் எப்போதும் நான்கின் மடங்காகவே அமையும் என்பதை நினைவில் வைத்து எழுதினால், அச்சகத்தில் வெற்றுப்பக்கம் விழாது. ஐம்பது, நூறு படிகளுக்கு டிஜிட்டல் அச்சே சிக்கனம். ஆயிரக்கணக்கில் வேண்டும்போது ஆஃப்செட்.

அனுபவமுள்ள வணிகர்கள் கையாளும் உத்தி ஒன்றுண்டு. படமும் விவரமும் உள்ள நூலில் விலையை அச்சிடாமல், விலையை மட்டும் ஒரு தனித்தாளில் அச்சிட்டு உள்ளே செருகிவிடுவார்கள். துணி விலை ஏறினால் தாளை மட்டும் மாற்றலாம், நூல் வீணாகாது.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. அதன் வழி இயங்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் நீங்கள் உறுப்பினராயின், விற்பனைக் காண்காட்சிகளுக்குச் செல்லும்போது இப்பட்டியல் பெரிதும் துணை நிற்கும். காண்காட்சி சில நாள்களில் முடிந்துவிடும்; வந்தவர் கையிலுள்ள தாள் அவர் வீட்டிலும் பேசும்.

எழுதியது எழுதியதே

விலைப்பட்டியல் ஒன்றை அனுப்பியதாலேயே அதிலுள்ள அனைத்தையும் வரம்பின்றிக் கொடுக்க வணிகர் கடமைப்பட்டவர் ஆகமாட்டார் என்று 1896-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு மதுவணிகரின் பட்டியல் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. பட்டியல் என்பது வாங்க வருமாறு விடுக்கும் அழைப்பு மட்டுமே என்பது சட்டத்தின் பார்வை. ஆதலால் "கையிருப்பைப் பொறுத்தது, விலை மாறுதலுக்கு உட்பட்டது" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்ப்பதில் தவறில்லை.

ஆனால் வாங்குபவர் அதைச் சட்டநூலாகப் படிப்பதில்லை, வாக்குறுதியாகவே படிக்கிறார். ஆகவே தர முடியாததை எழுதாதீர்கள், எழுதியதைத் தவறாதீர்கள். அத்துடன், எழுதிய விலையை உறவினரிடமும் மாற்றாதீர்கள். நெருங்கியவருக்குச் சலுகை செய்ய மனம் விரும்பினால், அதனைப் "பரிசு" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுங்கள்; விலை அப்படியே இருக்கட்டும். பட்டியலை நீட்டுகிற கை, "பார்த்துக் கொடுங்கள்" என்று கூச வேண்டியதில்லை.

இன்றிரவு வேலைகள் முடிந்தபின், பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒரு வெற்றுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் பொருள்களில் மூன்றை மட்டும் எழுதி, அவற்றின் எதிரே துணி முதல் கூலி வரை கணக்கிடுங்கள். மூன்றில் எது நிற்கிறதோ, அதுவே உங்கள் பட்டியலின் 101-ஆம் எண்.