தேன் நிற டெக்கீலா எல்லாம் பழைய சரக்கா? பீப்பாய்க்குள் நடப்பது என்ன?

ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீ கடையில் இரண்டு டெக்கீலா பாட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று தண்ணீர் மாதிரி தெளிவு. இன்னொன்று தேன் நிறம், விலையும் கூடுதல். ‘நிறம் அடர்த்தியா இருந்தா பழசு, பழசுன்னா உசத்தி’ என்பதுதான் நம்மில் பலருடைய கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி.

முதல் காத்திருப்பு வயலில்

டெக்கீலா என்ற பெயர் மெக்சிகோவுக்கு மட்டுமே சொந்தம். ஹலிஸ்கோ மாநிலத்திலும், வேறு நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் தயாரானால்தான் அந்தப் பெயரைப் போட முடியும். மூலப்பொருள் நீல அகாவே. நம்மூர் ஆனைக்கற்றாழையின் சொந்தக்காரச் செடி. சோற்றுக்கற்றாழை வேறு, இது கள்ளிச்செடியும் இல்லை.

இந்தச் செடி முற்றவே சுமார் 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். இலைகளைச் சீவித் தள்ளினால் பெரிய அன்னாசிப்பழம் போல ஒரு நடுப்பகுதி கிடைக்கும். அதன் பெயர் ‘பின்யா’. அதை வேகவைத்தால் உள்ளே இருக்கும் சத்து சர்க்கரையாக மாறும். பிறகு சாறு பிழிந்து, புளிக்கவைத்து, குறைந்தது இரண்டு முறை வடித்தால் டெக்கீலா தயார்.

பீப்பாய்க் கணக்கு

வடித்ததும் அப்படியே, அல்லது 2 மாதத்துக்குள் பாட்டிலில் அடைத்தால் ‘பிளாங்கோ’. ஓக் மரத்தில் குறைந்தது 2 மாதம் இருந்தால் ‘ரெபொசாடோ’. 600 லிட்டருக்கு மிகாத பீப்பாயில் குறைந்தது 1 ஆண்டு இருந்தால் ‘அன்யேஹோ’. 3 ஆண்டு தாண்டினால் ‘எக்ஸ்ட்ரா அன்யேஹோ’. இந்தக் கடைசி வகைக்கு 2006-ல்தான் அங்கீகாரம் கிடைத்தது.

பெரும்பாலும் பயன்படுவது அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த பழைய பீப்பாய்கள். போர்பனுக்குப் புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் அங்கே கழித்துவிட்ட பீப்பாய்கள் இங்கே வேலைக்கு வருகின்றன.

சுவை எப்படி?

பிளாங்கோவில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாசம், மிளகுக் காரம், எலுமிச்சைத் தோலின் மணம் எல்லாம் நேராக வரும். ரெபொசாடோவில் காரம் கொஞ்சம் அடங்கி வனிலா எட்டிப் பார்க்கும். அன்யேஹோவில் பட்டை, கேரமல், உலர்ந்த பழங்களின் சாயல். அதற்கு மேலும் வைத்தால் மரம் ஜெயிக்கும், அகாவே தோற்கும். கண்ணை மூடிக் குடித்தால் விஸ்கியா டெக்கீலாவா என்றே சந்தேகம் வரலாம். உசத்தி என்று நாம் நினைப்பது சில நேரம் வெறும் மரத்தின் ருசிதான்.

நிறத்தை நம்பலாமா?

சிக்கலே இங்கேதான். கேரமல் நிறமி, ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகிய நான்கையும் சேர்ந்து 1 சதவீதம் வரை கலக்க விதி அனுமதிக்கிறது. அந்த அளவுக்குள் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அதாவது 2 மாதச் சரக்கைப் பல மாதச் சரக்கு போலக் காட்ட முடியும். இன்னொரு பக்கம் ‘கிறிஸ்டலினோ’ என்று ஒரு வகை. பீப்பாயில் வைத்த டெக்கீலாவைக் கரியில் வடிகட்டி நிறத்தை எடுத்துவிடுகிறார்கள். ஆக, நிறம் இருந்தால் பழசும் இல்லை. இல்லாவிட்டால் புதுசும் இல்லை.

லேபிளில் பார்க்க வேண்டியது ‘100 சதவீதம் அகாவே’ என்ற வரி. அது இல்லாவிட்டால் சர்க்கரையில் 49 சதவீதம் வரை கரும்பு போன்ற வேறு மூலத்திலிருந்து வந்திருக்கலாம். ‘கோல்டு’ என்ற பெயரில் மலிவாக வருவதில் பல இந்த ரகம்தான்.

நேர்மை முக்கியம்

1 சதவீதம் சின்ன அளவாகத் தெரியலாம். ஆனால் வாசனையும் நிறமும் மாற அதுவே போதும். உண்மையிலேயே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தயாரிப்பாளரும், ஒரு ஸ்பூன் பாகில் வேலையை முடிப்பவரும் ஒரே அலமாரியில், ஒரே பெயரில் நிற்பது நியாயமில்லை. கலக்கட்டும், ஆனால் கலந்ததைச் சொல்லட்டும். பிஸ்கட் பாக்கெட்டில் எழுதுவதை மது பாட்டிலில் எழுத என்ன தயக்கம்?

இன்னொன்றும் யோசிக்கலாம். விஸ்கிக்கான பார்லி சில மாதங்களில் விளைந்துவிடும். அகாவேக்கு 6, 7 ஆண்டுகள். செடிக்கு ஒருமுறைதான் அறுவடை. அதோடு அதன் கதை முடிந்தது. வயதுக்குத்தான் மதிப்பு என்றால், தண்ணீர் மாதிரி இருக்கும் அந்தப் பிளாங்கோவுக்கும் வயது இருக்கிறது. அது பீப்பாயில் அல்ல, வயலில் கழிந்த வயது.

(மது உடல்நலத்துக்குக் கேடு.)