ஏரிக்கரையில் வீடு வாங்கலாமா?

கனடாவுக்கு வந்த புதுசில் ஒரு பேஸ்மென்ற் அறை கிடைத்தாலே போதும் என்றிருந்த எங்கட சனம் இப்போது "லேக் பக்கமா ஒரு வீடு பாக்கவேணும்" என்று கதைக்கிறது. சந்தோசமான விசயம்தான். ஆனால் ஒன்ராறியோ ஏரியின் கரையில் வீடு வாங்குவதும், கரைக்குக் கிட்ட இருப்பதும் ஒன்றல்ல என்பது என் அபிப்பிராயம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இந்த ஏரி 244 மீற்றர் வரை ஆழமானது. மெல்லச் சூடாகி மெல்லக் குளிரும். அதனால் கோடையில் கரையோரம் வெக்கை குறைவு, இலையுதிர்காலத்தில் உறைபனியும் பிந்தித்தான் வரும். ஊரிலிருந்து வந்த வயதானவர்கள் நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடக்காமல், பின்னேரத்தில் நடந்து நாலு பேரோடு கதைத்துவர இதைவிட நல்ல இடம் இல்லை.

இனி மற்றப் பக்கம். 2017 மே கடைசியில் ஏரியின் நீர்மட்டம் 75.88 மீற்றருக்கு ஏறியது. ரொறன்ரோத் தீவுப் பூங்கா ஜூலை கடைசிவரை மூடிக்கிடந்தது. இரண்டே வருசத்தில், 2019 இல், அதையும் தாண்டி 75.92 மீற்றர். கோர்ன்வோலில் அணை இருக்கிறதே, திறந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஒட்டாவா ஆறும் பெருகி நிற்கிற நேரத்தில் திறந்தால் கீழே மொன்றியலில் வெள்ளம். ஏரிக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு ஈரி ஏரியிலிருந்து நயாகரா வழியாக வருவது. அதை நிற்பாட்டவும் ஏலாது.

ஸ்காபரோ பிளவ்ஸ் பக்கம் வேறு கதை. மணலும் களியுமான மேடு அது. அடியை அலை அரிக்கிறது, மேலே மழைநீர் அரிக்கிறது. விளிம்பு வீட்டை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. மோர்ட்கேஜ் 25 வருசம் என்று கணக்குப் பார்க்கிற நாங்கள், மேட்டுக்கு எத்தனை வருசம் என்று கேட்கிறோமா? ஏரி பெருகி வரும் வெள்ளத்துக்குப் பல காப்புறுதிகள் பணம் தருவதில்லை. கையெழுத்து வைக்கமுதல் அதைக் கேளுங்கள். கொண்டோ வாங்குகிறவர்கள் இன்னொன்றை யோசியுங்கள். யன்னலில் தெரிகிற தண்ணீருக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறீர்கள். முன்னால் இன்னொரு மாடி எழும்பினால் அந்தக் காட்சிக்கு உத்தரவாதம் இல்லை.

பிக்கறிங், ஏஜக்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு: அணுமின் நிலையத்தைக் குளிர்விக்கவும் தண்ணீர் வேணும். அதனால் அதுவும் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. 2015 இல் அதைச் சுற்றி 10 கிலோமீற்றருக்குள் இருந்த வீடுகளுக்கு அயடின் குளிசை கொடுத்தார்கள். 2020 ஜனவரி 12 ஞாயிறு காலை தவறுதலாக வந்த அவசர எச்சரிக்கையை இந்த மாகாணத்தில் ஆர் மறப்பார்கள்?

அப்ப என்னதான் செய்யிறது? ஏஜக்ஸைப் பாருங்கள். அங்கே கரையின் பெரும்பகுதி பொதுப்பூங்கா. தெருவுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் எல்லாருக்குமான புல்வெளியும் நடைபாதையும். கோடீசுவரனும் நடக்கிறான், பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கிறவனும் நடக்கிறான். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது புல்லுத்தான்.

கரை பூட்டப்படுவது என்றால் என்ன என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 இல் மயிலிட்டியை விட்டு ஓடிய சனத்துக்கு அந்தத் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில். 27 வருசம்! இராணுவ வேலியும் காசுக்காரன் வேலியும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வேலிக்கு வெளியே நிற்கிறவனுக்கு இரண்டிலும் தண்ணீர் தெரியாது.

ஆகவே என் கருத்து இதுதான். வீட்டை நடை தூரத்தில் வாங்குங்கள். கரையை ஊருக்கு விடுங்கள். நகரசபைத் தேர்தலில் வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் வரியைப் பற்றிக் கேட்கிறதோடு, ஏரிக்கரையில் எவ்வளவு இடம் பொதுவாக இருக்கும் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள்.