25 வருஷமாகியும் சட்டமாகாத 'ட்ரீம் ஆக்ட்': டிக் டர்பின் விடைபெற்றால் 5 லட்சம் பேரின் கதி என்ன?

அமெரிக்க செனட்டர் ஒருவர் 2001-ல் கொண்டுவந்த மசோதா இன்னும் சட்டமாகவில்லை. அதற்குள் அவர் ஓய்வு பெறும் நேரமே வந்துவிட்டது. இல்லினாய்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் டிக் டர்பின், 2026 தேர்தலில் போட்டியிடப் போவதில்லை என 2025 ஏப்ரலில் அறிவித்தார். வயதான தலைவர் விலகுவதில் ஆச்சரியம் இல்லைதான். ஆனா, இவர் நடத்திய போராட்டத்தோடு 5 லட்சத்துக்கும் அதிகமானோரின் வாழ்க்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு பியானோ மாணவியில் தொடங்கிய கதை

சிகாகோவில் வளர்ந்த கொரிய வம்சாவளி மாணவி ஒருவர், பியானோவில் கெட்டிக்காரர். பெரிய இசைக் கல்லூரியில் சேர விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கல் வெடித்தது. 2 வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்த அவரிடம் குடியுரிமைக்கான எந்த ஆவணமும் இல்லை. உதவி கேட்டு விவகாரம் டர்பின் அலுவலகத்துக்குப் போனது. சட்டப்படி, நாட்டை விட்டு வெளியேறி 10 வருஷம் காத்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. போவது எங்கே? அவருக்குத் தெரிந்த ஊர் சிகாகோ மட்டும்தான்.

குடியரசுக் கட்சியின் ஆரின் ஹேட்ச்சுடன் சேர்ந்து டர்பின் 'ட்ரீம் ஆக்ட்' மசோதாவைக் கொண்டுவந்தது இதற்குப் பிறகுதான். சிறுவயதில் அழைத்து வரப்பட்டு, அங்கேயே படித்து வளர்ந்தவர்களுக்குப் படிப்படியாகக் குடியுரிமை தருவதே அதன் சாரம். இவர்களுக்கு 'ட்ரீமர்'கள் என்ற பெயர் வந்ததும் இப்படித்தான். மசோதா மீதான விசாரணை 2001 செப்டம்பர் 12-ம் தேதி நடக்க வேண்டியது. முந்தைய நாள் நடந்ததை உலகமே அறியும். குடியேற்றம் பற்றிய பேச்சே அதன்பிறகு மாறிப்போனது.

5 ஓட்டில் போன வாய்ப்பு

மிக நெருங்கி வந்தது 2010 டிசம்பரில். பிரதிநிதிகள் சபையில் 216-198 என மசோதா நிறைவேறிவிட்டது. செனட்டில் முட்டுக்கட்டையைத் தாண்ட 60 ஓட்டு தேவை; கிடைத்தது 55. குடியரசுக் கட்சியினர் 3 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் டர்பினின் சொந்தக் கட்சிக்காரர்கள் 5 பேர்! அந்த 5 பேர் மாற்றிப் போட்டிருந்தால் கதையே வேறு. முதல் மசோதாவில் கூட்டாளியாக இருந்த ஹேட்ச், அன்று ஓட்டெடுப்புக்கே வரவில்லை.

சட்டம் நடக்காது என்றானதும் அதிபர் ஒபாமா 2012 ஜூன் 15-ல் 'டாகா' திட்டத்தை அறிவித்தார். அப்படி ஒரு பாதுகாப்பு கேட்டு டர்பின் 2010-லேயே கடிதம் எழுதியிருந்தார்.

டாகா குடியுரிமை கிடையாது, விசாவும் கிடையாது. 'உங்களை இப்போதைக்கு நாடு கடத்த மாட்டோம், வேலை பார்க்கலாம்' என்ற 2 வருஷ அவகாசம், அவ்வளவுதான். நம்ம ஊர் 11 மாத வாடகை ஒப்பந்தம் மாதிரி, ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கணும். 2017-ல் டிரம்ப் அரசு ரத்து செய்யப் பார்த்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற தீர்ப்பில் தடுத்தது. ரத்து செய்த முறை தப்பு என்று சொன்ன நீதிமன்றம், ரத்தே செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. 2021-ல் டெக்சாஸ் நீதிபதி ஒருவரின் தீர்ப்புக்குப் பின் புதியவர்களுக்கான கதவு அடைபட்டது. ஏற்கெனவே உள்ளவர்கள் மட்டும் புதுப்பித்து ஓட்டுகிறார்கள்.

இந்தியர்களுக்கு ஹீரோவா, வில்லனா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது அமெரிக்க விதி. இதனால் இந்திய ஐ.டி. ஊழியர்கள் பல ஆண்டுகளாக வரிசையில் நிற்கிறார்கள். இந்த வரம்பை நீக்கும் மசோதாவை செனட்டர் மைக் லீ 2019-ல் வேகமாக நிறைவேற்றப் பார்த்தபோது குறுக்கே நின்றவர், இதே டர்பின். கிரீன் கார்டு எண்ணிக்கையைக் கூட்டாமல் வரிசையை மட்டும் மாற்றினால் மற்ற நாட்டினர் பாதிக்கப்படுவார்கள் என்பது அவர் வாதம். கணக்கில் அது நியாயம்தான். ஆனா, வரிசையில் நின்ற இந்தியக் குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு ஆறுதலாக இல்லை. அவருக்கு எதிராகப் போராட்டமே நடந்தது. பிறகு சமரசப் பேச்சு நடந்தும் மசோதா சட்டமாகவில்லை.

இதில் நேரடியாக அடிபடுவது குழந்தைகள். எச்1பி விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது தெரிந்த கவலை. பெற்றோருக்கு கிரீன் கார்டு வருவதற்குள் பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால், பெற்றோரின் விசா நிழலில் இருக்க முடியாது. மாணவர் விசாவுக்கு மாறணும், இல்லையென்றால் கிளம்பணும். டாகாவும் கைகொடுக்காது. காரணம் விசித்திரமானது: 2012 ஜூன் 15 அன்று சட்டப்பூர்வ ஆவணம் இல்லாதவர்களுக்கு மட்டுமே அந்தத் திட்டம். முறைப்படி விசாவில் வந்ததே இந்தப் பிள்ளைகளுக்கு இடைஞ்சலாகிவிட்டது.

இவர்களையும் சேர்த்தே 'ட்ரீம் ஆக்ட்' எழுதப்பட வேண்டும் என்ற கோரிக்கை பின்னாளில் வலுத்தது. இவர்களுக்கென தனி மசோதாவை செனட்டர் அலெக்ஸ் படீயா கொண்டுவந்தார், அதுவும் நிலுவையில்தான். டர்பினின் பதவிக்காலம் 2027 ஜனவரி வரை. அதன்பிறகு யார் கையில் எடுத்தாலும், செனட்டில் தேவைப்படுவது அதே 60 ஓட்டு.